நாற்பதுக்குப் பிறகு முப்பது

"நான், கருப்பண்ணன் மகன் பழனிச்சாமி, யாருடைய வற்புறுத்தலுமின்றி எழுதிக்கொடுப்பது" என்பதுவரை ஆங்கிலத்தில் தட்டிய ஷியாமளா, அதற்கு மேல் கை ஓடாமல் நிமிர்ந்தாள்.

"சொல்லுங்க அண்ணே. என்னத்தைத் திருடுனீங்க?"

ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்த பழனிச்சாமி, தொப்பியைக் கையில் சுருட்டியபடி யோசித்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். கம்பெனி எப்போதோ கொடுத்த நீலச் சட்டை வெளுத்துப்போயிருந்தது.

"அதையும் நீங்களே பார்த்துப் போட்டுருங்க அம்மிணி. எனக்குத் தெரியலீங்க."

"திருடினது நீங்க. பொருளோட பேரை நான் சொல்லணுமாக்கும்?"

"நான் திருடலீங்க. திருடிட்டேன்னு எழுதிக் குடுக்கோணும்னு மொதலாளி சொல்லிட்டாருங்க. இன்னிக்கு நாலு மணிக்குள்ள இங்கிலீசுலயும் அரபியிலயும் அடிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்தி விட்டுருவாராம். இல்லீன்னா போலீசுங்க."

சத்வாவில் தையல் கடைகளுக்கு நடுவே இருந்தது அந்த டைப்பிங் கடை. விசா விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், லீவுக் கடிதம், முதலாளிக்கு மன்னிப்பு, பெண்டாட்டிக்கு மன்னிப்பு எல்லாம் அங்கே அடித்துத் தரப்படும். கடைக்காரர் கௌஸ் முகைதீன் காயல்பட்டினத்து மனிதர். துப்பறிகிற தொழிலுக்கு அந்த வளைகுடா நாட்டில் யாரும் லைசென்ஸ் கொடுப்பதில்லை. ஆனால் தமிழ் பேசுகிறவர்களில் பாதிப் பேருடைய காகிதம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும் என்பதால், பாதிப் பேருடைய குட்டும் அவருக்குத் தெரியும். காணாமல் போனதைத் தேடி வருகிறவர்களும் அங்கேயே வருவார்கள். ஷியாமளா பாளையங்கோட்டைக்காரி. கணவன் ஜெபல் அலியில் கிரேன் ஓட்டுகிறான். டைப் அடிக்க வந்தவள், வாய் சும்மா இல்லாததால் பாய்க்கு வலது கையாகிவிட்டாள்.

அரபு டைப்ரைட்டருக்குப் பின்னாலிருந்து பாய் தலையை நீட்டினார். "உங்க முதலாளி யாரு வாப்பா?"

"சாதிக் பாட்ஷா அய்யாங்க. அவரு வீட்டுல டீ போட்டுக் குடுத்து, தூசி தொடைக்கற வேலைங்க."

ஷியாமளா சிரிப்பை அடக்க மேசை டிராயரைத் திறந்து மூடினாள். புஜைரா துறைமுகத்தில் நங்கூரம் போடும் கப்பல்களுக்கு அரிசியும் இறைச்சியும் சப்ளை செய்து பணக்காரரான தொண்டிக்காரர் சாதிக் பாட்ஷா. பணம் போதும் என்றானபின் பட்டம் வேண்டும் என்று ஆரம்பித்தார். வளைகுடாத் தமிழ்ச் செம்மல் பேரவையின் நிரந்தரக் கௌரவத் தலைவர், கால்பந்துக் கழகப் புரவலர், இரத்ததானக் குழுவின் ஆயுட்கால ஆலோசகர். ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிற மனிதர் இரத்ததானத்துக்கு என்ன ஆலோசனை சொல்வார் என்பது அந்தக் குழுவுக்கே தெரியாது. விசிட்டிங் கார்டின் முன்பக்கம் போதாமல் பின்பக்கமும் அச்சடித்திருந்தார்.

போன வருஷம் புஜைராவில் நின்ற ஒரு கப்பலின் கேப்டன் அவர் தலையில் ஒரு கோட்டைக் கட்டிவிட்டான். கம்யூனிஸ்டு காலத்துப் போலந்துத் தலைவர் விரோனெக் என்பவருடைய கோட்டு. அதில் இருபத்துமூன்று விருதுகள். அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூசை செய்யாத குறை. நாளை வியாழக்கிழமை பேரவை விழா. போலந்து வணிகக் குழு ஒன்று வருகிறது. அவர்கள் முன்னால் கோட்டைக் காட்டி, போலந்தின் உற்ற நண்பர் என்று பெயர் வாங்கி, என்றாவது காரில் கௌரவத் தூதர் பலகை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கனவு. அவர்கள் விரோனெக் வகையறாவையே விரட்டிவிட்டு ஐந்து வருஷமாகிறது, அந்த விருதுகளில் பலவற்றை அரசாங்கமே ரத்து செய்துவிட்டது என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

இதெல்லாம் ஷியாமளாவுக்குத் தெரியக் காரணம், விழா மலருக்கு விரோனெக்கின் பட்டியலை ஆங்கிலத்தில் அடித்ததே அவள்தான். விருதுகள் இருபத்துமூன்று, பதவிகள் பதினாறு. வார்சா நகரக் கட்சிச் செயலாளர், கனரகத் தொழில் அமைச்சர், அரசியல் குழு உறுப்பினர், அரசு மன்றத் தலைவர், மங்கோலிய நட்புறவுக் கழகத் தலைவர். அடிக்கும்போது ஒன்றைக் கவனித்திருந்தாள். விருது கொடுக்கும் அரசு மன்றத்துக்கு அவர் தலைவராக இருந்த ஒரே வருஷத்தில் அவருக்கு ஐந்து விருதுகள். கொடுத்த கையும் வாங்கிய கையும் ஒரே உடம்பில் இருந்திருக்கின்றன.

"போனது எது?" என்று பாய் கேட்டார்.

பழனிச்சாமி சட்டைப் பையிலிருந்து, முதலாளி கொடுத்தனுப்பிய மடித்த தாளை எடுத்தார். ஷியாமளா அடித்த அதே பட்டியலின் நகல். முதல் வரியில் சிவப்பு மையால் வட்டம். மக்கள் போலந்தைக் கட்டியோர் விருது. இருப்பதிலேயே பெரியது.

"இதைப் படிச்சீங்களா?" என்றாள் ஷியாமளா.

"பஸ் போர்டு தமிழ்ல இருந்தா படிப்பனுங்க. இங்கிலீசு ஒரு எழுத்து வராதுங்க."

"ஊருக்குப் போக எப்ப லீவு?" என்றார் பாய்.

"பத்து நாள்லங்க. நாலு வருசமாச்சு போயி. மக பானுப்பிரியா பெரியவளானதுக்கே போவலீங்க." அவர் தொப்பியைப் பிரித்து மறுபடி சுருட்டினார். "நான் இப்பவே போறதுன்னாலும் சந்தோசந்தானுங்க. ஆனா இந்தக் கடுதாசி காப்பி ஏஜென்டுக்கும் போகுதாமுங்க. எங்கூர்ல பாதிப்பேரை அனுப்பினவரு அவருதானுங்க. நான் பஸ்ஸை விட்டு எறங்கறதுக்குள்ள திருடன்ங்கற பேரு வீட்டுத் திண்ணையில வந்து உக்காந்துக்குமுங்க. மாரியம்மா எப்படிங்க தெருவுல நடப்பா?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் கண்ணாடிதான் சுத்தமாகும்.

"ஒரு தொழிலாளியை அனுப்பணும்னா கேன்சல் அடிச்சு கலாஸ் பண்ணிட்டுப் போகலாம். யாரும் கேட்க முடியாது. இவருக்கு எதுக்கு இவ்வளவு காகிதம்?" என்றார். "ஷியாமளா, பேப்பர் மெஷின்லயே இருக்கட்டும். பழனிச்சாமியையும் கூட்டிக்கிட்டு வா."

---

ஜுமைராவில் சாதிக் பாட்ஷாவின் வீட்டு ஹாலுக்குள் நுழைந்ததும் ஷியாமளா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கப்பலுக்கு அனுப்பும் ஆட்டிறைச்சியோடு சேர்த்து விருந்தாளியையும் கெடாமல் வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஏசி.

"வாருங்கள் வாருங்கள். குற்றவாளி எழுதிக் கொடுத்துவிட்டானா?" சாதிக் பாட்ஷா வெள்ளைச் சட்டையில், வயிறு முன்னால் வர, பின்னால் வந்தார். மேடைத் தமிழ் அவருக்கு வீட்டிலும் இறங்குவதில்லை.

"ஒரு சின்ன சிக்கல்ங்க," என்றார் பாய் பவ்யமாக. "அரபியில எழுதணும்னா பொருளோட அடையாளம் சரியா வரணும். இடத்தைப் பார்த்துட்டா நல்லது."

"பாருங்கள். உலகமே வியந்த சின்னம். பறிகொடுத்துவிட்டு நிற்கிறேன். நாளை மேடையில் என்ன சொல்வேன்?"

பறிகொடுத்ததைத்தான் சொல்வார், அதுவும் கைக்குட்டையோடு சொல்வார் என்று ஷியாமளா நினைத்துக்கொண்டாள்.

கண்ணாடி அலமாரிக்குள் மரப் பொம்மையின் மேல் கறுப்புக் கோட்டு மாட்டியிருந்தது. பக்கத்துச் சுவரில் விரோனெக்கின் பெரிய புகைப்படம், அதே கோட்டோடு. ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தார். அத்தனை பதக்கத்தையும் அந்த நெஞ்சு எப்படித் தாங்கியது என்று பார்ப்பவருக்குத்தான் கவலை. கோட்டின் இடது கை மடிப்பில் சிகரெட் பட்ட ஓட்டையை இழை கோத்து அடைத்திருந்தார்கள்.

"தலைவர் பிடித்த சிகரெட்," என்றார் சாதிக் பாட்ஷா பெருமையாக. தலைவர் தும்மியிருந்தால் அதையும் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

"சாவி?"

"என்னிடம்தான். திங்கட்கிழமை மறதியாகத் திறந்து வைத்துவிட்டேன். செவ்வாய் காலை பதினொரு மணிக்குப் பார்த்தால் முதல் விருது இல்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. குடும்பம் ஊருக்குப் போயிருக்கிறது."

பாய் புகைப்படத்தையும் கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு ஷியாமளாவைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் ஆண்டு பொறித்த இரண்டு பதக்கங்கள். மக்கள் போலந்தின் முப்பதாண்டு நிறைவுக்கு ஒன்று, நாற்பதாண்டு நிறைவுக்கு ஒன்று. புகைப்படத்தில் முப்பது முதலில், நாற்பது அடுத்து. கோட்டில் நாற்பது முதலில் இருந்தது.

ஷியாமளாவுக்குக் காது சூடேறியது. அந்தக் குளிரிலும் ஏறியது.

"கோட்டு நல்ல துணி," என்றார் பாய். "போட்டுப் பார்த்தீங்களா?"

"சே சே. வரலாற்றுச் சின்னத்தைப் போட்டுப் பார்ப்பதா? அதுவும் தோளெல்லாம் சரி, கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கும்."

"ஓ," என்றார் பாய். "சரிங்க. நாலு மணிக்குக் காகிதத்தோட வர்றேன்."

---

பாயின் நிஸான் சன்னி காரின் கதவைச் சாத்துவதற்குள் ஷியாமளா கொட்டிவிட்டாள்.

"பாய், தப்பு என் மேலதான். பட்டியல்ல பதினாலு, பதினஞ்சை மாத்தி அடிச்சுட்டேன். நாற்பதாண்டு முதல்ல, முப்பதாண்டு பிறகு. மூணு தடவை புரூஃப் பார்த்தாரு அந்த மனுசன். 'பிழை பொறுக்க மாட்டேன்'னு வேற சொன்னாரு."

"நீ செஞ்ச தப்பு ஒருத்தனைக் காப்பாத்தப் போகுது, சந்தோசப்படு. கேப்டன் வித்தப்ப பதக்கம் புகைப்படத்துல இருக்கிற மாதிரிதான் இருந்திருக்கும். இப்ப உன் பட்டியல்ல இருக்கிற மாதிரி இருக்கு. அப்படின்னா?"

"எல்லாத்தையும் கழட்டி, என் பேப்பரைப் பார்த்துத் திரும்பக் குத்தியிருக்காங்க." அவள் பின் இருக்கையில் இருந்த பழனிச்சாமியைத் திரும்பிப் பார்த்தாள். "இங்கிலீஷ் தெரிஞ்ச திருடன்."

"ஒண்ணைத் திருட வந்தவன் இருபத்திரெண்டைக் கழட்டி, வரிசைப்படி திரும்பக் குத்திட்டு ஏன் போறான்?"

"பொறுப்பான திருடன் பாய். அவனுக்கும் பேரவையில ஒரு பதவி குடுக்கலாம்."

"திருடன் இல்லம்மா. பதக்கமெல்லாம் வேற ஒரு கோட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு. இந்தக் கோட்டு போட்டுப் பார்த்தவருக்குப் பத்தலை."

"பத்தாதுன்னு அந்த வயித்தைப் பார்த்தாலே தெரியும். அதுக்குத் துப்பறியணுமா?"

"வயிறு பத்தாதுங்கிறது பார்த்தாத் தெரியும். கையைத் தூக்கினா அக்குள்ல பிடிக்கும்ங்கிறது போட்டுக் கையைத் தூக்கினவனுக்கு மட்டும்தான் தெரியும்." பாய் காருக்குள் இருந்த சிறு கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். "பழனிச்சாமி, இந்த வாரம் முதலாளி ஏதாவது துணிமணியைத் தையல்கடைக்குக் கொடுத்தனுப்பினாரா?"

"நேத்துக் காலைல ஒரு பெரிய உறைங்க. ஜிப்பு போட்டது. மூசா மாஸ்டர் கடையில குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. குடுத்தனுங்க."

ஷியாமளா தலையில் கைவைத்தாள். "பதக்கம் அந்த உறையிலதான் போயிருக்கும். வீட்டை விட்டு அதைத் தூக்கிட்டு வந்ததே இவருதான் பாய். கோர்ட்டுல கேட்டா 'ஆமாங்க, நான்தானுங்க'ன்னு சொல்லிட்டு வருவாரு."

"திங்கட்கிழமை சாயங்காலம் என்ன நடந்துச்சு?" என்று பாய் கேட்டார்.

"டீ கொண்டுபோய்க் குடுத்தேனுங்க." பழனிச்சாமி வெளியே ஓடும் பேரீச்சை மரங்களைப் பார்த்தார். "வேற ஒண்ணுமில்லீங்க."

---

அதிராம்பட்டினத்து மூசா மாஸ்டருடைய கடையின் தொழில்முறை சத்வாவுக்கே பொது. சாம்பிளைக் கொடு, அப்படியே வரும். எந்த அளவுக்கு அப்படியே என்றால், பிலிப்பைன்ஸ் பெண்மணி ஒருத்தி பட்டன் அறுந்த சட்டையைச் சாம்பிள் கொடுத்துவிட்டு, பட்டன் அறுந்த ஆறு புதுச் சட்டைகளை வாங்கிப் போயிருக்கிறாள்.

"வாங்க காக்கா," என்று அண்ணன் முறை வைத்து அழைத்தவர், பின்னால் வந்த பழனிச்சாமியைக் கண்டதும் அளவு நாடாவைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டார்.

"மாஸ்டர், சாதிக் பாட்ஷாவோட கறுப்புக் கோட்டு," என்றார் பாய்.

"அப்படி எதும் வரலையே."

"வந்ததைக் கொண்டு வந்தவரே இவர்தான். நாலு மணிக்கு இவரைத் திருடன்னு போலீஸ்ல கொடுக்கப் போறாங்க. போனது ஒரு பதக்கம். நீங்க வரலைன்னு சொன்னா, கொண்டு வந்தவர் உள்ளே போவார். அப்புறம் அவங்க இங்கேயும் வருவாங்க."

மூசா மாஸ்டர் ஊசி போட்ட டப்பாவைப் பார்த்தார், பழனிச்சாமியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் உறையோடு வந்து ஜிப்பை இழுத்தார்.

அதே கோட்டு. அதே கறுப்பு, அதே காலர். அகலம் மட்டும் கூடுதல், இரண்டு விரோனெக் உள்ளே நின்று கைகுலுக்கலாம். ஷியாமளா இடது கை மடிப்பைத் திருப்பினாள். சிகரெட் பட்ட ஓட்டை, இழை கோத்து அடைத்தது.

"இது என்ன மாஸ்டர்?"

"முன்னால அவரே கொண்டுவந்து காட்டின சாம்பிள்ல இருந்துச்சு. முதல்ல சிகரெட்டால சுட்டு, அப்புறம் இழை கோத்தேன். ரெண்டு மணி நேர வேலை. நான் சிகரெட் பிடிக்கிறது இல்ல, பக்கத்துக் கடையில வாங்கினேன்," என்றார் மாஸ்டர். அவர் முகத்தில் விளையாட்டே இல்லை.

"பதக்கம்?"

மாஸ்டர் சாக்குக்கட்டி டப்பாவைத் திறந்தார். சாக்குத் தூளுக்கு நடுவே பெரிய தங்க நட்சத்திரம் ஒன்று கிடந்தது. "புதுத் துணி கெட்டி. பதக்கத்தோட ஊசி உள் லைனிங்ல போய் மாட்டிக்கிச்சு. பதறிப்போய் இழுத்திருப்பாங்க போல, அப்படியே விட்டுட்டாங்க. வயித்துப் பக்கம் இன்னும் ரெண்டு இஞ்சு விடச் சொல்லி வந்துச்சு. பிரிச்சுத்தான் எடுத்தேன்."

ஷியாமளா பெருமூச்சு விட்டாள். "அப்ப யாரும் திருடலை. பெரிய மனுசரு கோட்டுல விட்டுட்டு மறந்துட்டாரு. போய்ச் சொன்னா முடிஞ்சுது. பழனிச்சாமி அண்ணே, சிரிங்க."

பழனிச்சாமி சிரிக்கவில்லை. பாயும் சிரிக்கவில்லை.

"மாஸ்டர், இதைக் கேட்டு அவர் ஃபோன் பண்ணினாரா?"

மூசா மாஸ்டர் அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார். சுருட்டி முடித்துத்தான் பேசினார்.

"நேத்துக் காலைல பத்து மணிக்குப் பண்ணினார் காக்கா. 'பதக்கம் ஒண்ணு கோட்டுல மாட்டியிருக்கும், பக்குவமா எடுத்து வை, விழா முடிஞ்சு வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வாங்கிக்கிறேன், யாருக்கும் சொல்லாதே'ன்னாரு. சத்தியமா இந்தாளு மேல பழி போடுவாருன்னு எனக்குத் தெரியாது."

பத்து மணிக்கு ஃபோன். பதினொரு மணிக்குப் பதக்கம் காணோம் என்று கூச்சல். ஷியாமளா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மறதி என்றால் மன்னிக்கலாம். இந்த மனிதர் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே ஒரு டீ போடுகிறவனைத் திருடன் என்று எழுதி வாங்கப் பார்த்திருக்கிறார். அதுவும் கையெழுத்தோடு, இரண்டு பாஷையில்.

"இப்பப் புரியுதா, காகிதம் எதுக்குன்னு?" என்றார் பாய் மெதுவாக. "சும்மா கேன்சல் பண்ணி அனுப்பினா, இவர் ஆளுங்க தங்குற கேம்புலயும் ஊர்லயும் வாய் திறந்து பேசுவாரு. திருடன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனா, இவர் எதைச் சொன்னாலும் எவன் நம்புவான்?"

"எதைச் சொல்லுவாருன்னு பயம் பாய்?"

"அதை அவர்கிட்டயே கேட்போம். முதல்ல கடைக்குப் போ. மெஷின்ல பேப்பர் காத்துக்கிட்டு இருக்கு. முதல் வரி அப்படியே இருக்கட்டும், அடுத்த வரியை மட்டும் மாத்து."

---

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஹாலில் பேரவை ஆட்கள் மூன்று பேர் பொன்னாடை மடிப்பு பழகிக்கொண்டிருந்தார்கள். பாய் உறையை டீப்பாய் மேல் வைத்தார். ஜிப்பை நான்கு விரற்கடை மட்டும் திறந்தார்.

சாதிக் பாட்ஷா உறையைப் பார்த்தார். "தம்பிகளா, கொஞ்சம் வெளியே இருங்க," என்றார். மேடைத் தமிழ் இறங்கிவிட்டது.

கதவு சாத்தியதும் பாய் சட்டைப் பையிலிருந்து நட்சத்திரத்தை எடுத்து உறையின் மேல் வைத்தார். பேசாமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர், அதற்கும் சேர்த்துப் பேசத்தான் ஷியாமளா இருக்கிறாள்.

"கோட்டு ரொம்ப நல்லா வந்துருக்குங்க," என்றாள். "சிகரெட் ஓட்டை உள்பட. விருதையெல்லாம் திரும்பக் குத்தும்போது மட்டும் என் பட்டியலைப் பார்த்துட்டீங்க. அதுல நாற்பதுக்குப் பிறகு முப்பது வருது, கவனிச்சீங்களா? மூணு தடவை புரூஃப் பார்த்தீங்களே."

சாதிக் பாட்ஷாவின் கண் அலமாரிக்குப் போய்த் திரும்பியது. "இதெல்லாம்... ஒரு மாதிரிக்குத் தைக்கச் சொன்னது. அந்தப் பதக்கம் அதுல இருந்ததே எனக்கு மாஃபி மாலூம். தெரியவே தெரியாது."

"நேத்துப் பத்து மணிக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் பாய்.

சாதிக் பாட்ஷா உறையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"அவன் உங்ககிட்ட என்ன சொன்னான்?"

"யாருங்க?"

"அந்தப் பழனிச்சாமி."

"எதைப் பத்தி?"

சாதிக் பாட்ஷாவுக்கு அதற்கு மேல் வழியில்லை. எதைப் பற்றி என்று சொன்னால் அவரே சொன்னதாகிவிடும். விரோனெக்கின் பதினாறு பதவி, இருபத்துமூன்று விருது எல்லாம் பக்கத்தில் இருந்தும் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. கடைசியில் அவரே கதவுப் பக்கம் குரல் கொடுத்தார். பழனிச்சாமி வந்து கையைக் கட்டி நின்றார்.

"திங்கக்கிழமை டீ கொண்டுவந்தியே. எத்தனை பேர்கிட்ட சொன்னே?"

"எதைங்க?"

"பார்த்ததை."

பழனிச்சாமி முகம் யோசனையில் சுருங்கி, மெதுவாக விரிந்தது. "ஓ, அதுங்களா. கோட்டுப் போட்டிருந்தீங்க. ஏசி சாஸ்தியா இருந்துச்சுங்களே, குளிருக்குப் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேனுங்க. இதைப் போயி யாருகிட்டங்க சொல்றது?"

ஷியாமளா சாதிக் பாட்ஷாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே, இந்த ஒன்றுமறியாதவனுக்காகவா இத்தனை பாடுபட்டோம் என்ற அசட்டுத்தனம் வந்தது. வெட்கம் வருமா என்று அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அது வரவில்லை.

பாய் ஒரு தாளை நீட்டினார். நான், கருப்பண்ணன் மகன் பழனிச்சாமி, யாருடைய வற்புறுத்தலுமின்றி எழுதிக்கொடுப்பது, எனக்குச் சேரவேண்டிய மூன்று மாத லீவை அனுமதித்து, பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் இன்றே தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அடியில் முதலாளி கையெழுத்துக்கு இடம். அதற்கு மேலே இன்னொரு வரி: காணாமல் போனதாகச் சொன்ன பொருள் தையல்கடையில் இருந்தது, இவர் மேல் குற்றமில்லை.

"இந்த வரி எதுக்கு பாய்?"

"பிழை பொறுக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க. அதான் விடாம அடிச்சிருக்கு. இது வேண்டாம்னா கோட்டைப் பத்திப் போலந்துக்காரங்களுக்கு ஒரு காகிதம் அடிக்க வேண்டி வரும். நம்ம கடையில அதுவும் அடிப்போம்."

சாதிக் பாட்ஷா கையெழுத்துப் போட்டு, டிக்கெட்டுக்குப் பணமும் எண்ணி வைத்தார். பாஸ்போர்ட் மேசை டிராயரில்தான் இருந்தது, கைக்கு எட்டும் தூரத்தில். இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

---

காரில் சத்வாவுக்குத் திரும்பும்வரை பழனிச்சாமி பாஸ்போர்ட்டைத் திறக்கவில்லை. சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சிக்னலில் கார் நின்றபோது ஷியாமளா திரும்பினாள்.

"ஏன் அண்ணே, நெசமாவே குளிருக்குப் போட்டாருன்னுதான் நெனச்சீங்களா?"

"வேற என்னங்க அம்மிணி சொல்றது? பாஸ்போர்ட்டு அப்ப அவரு டிராயர்லதானுங்களே இருந்துச்சு."

பாய் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். சிக்னல் பச்சையானதைக்கூடக் கவனிக்கவில்லை. பின்னாலிருந்த டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான்.

"அப்ப என்னதான் பார்த்தீங்க?"

பழனிச்சாமி கொஞ்சம் தயங்கினார். பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அம்மிணி அடிச்ச அந்தப் பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு நின்னாருங்க. அதைப் பார்த்து ஒவ்வொரு பட்டமாப் படிச்சாருங்க, கூடவே தன்னோட பேரையும் சேர்த்துச் சத்தமாக் கூப்பிட்டாருங்க. அப்புறம் சேர்ல உக்காந்து, அவரே எந்திரிச்சு நடந்து வந்தாருங்க. பதக்கத்தை அவரே மாட்டிக்கிட்டாருங்க. அவரே கையைத் தூக்கிக் கும்பிட்டாருங்க. இருபத்திமூணு தடவைங்க. டீ ஆறிப்போச்சு."

"நீங்க என்ன பண்ணுனீங்க? சத்தமில்லாம திரும்பி வந்துர வேண்டியதுதானே?"

"வந்திருக்கலாமுங்க. ஆனா அவ்வளவு பெரிய ஹாலு, ஒரு ஆளில்லீங்க. பார்க்கப் பாவமா இருந்துச்சு." பழனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். "டீயைக் கீழ வெச்சுட்டு நான் கைதட்டிட்டேனுங்க."